விழுந்தவர்களின் விசுவாசம்



மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்துகொள்ளும் தீவில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. 1784 பிப்ரவரி இறுதியில், தவக்காலம் தொடங்கும் வேளையில், மங்களூரையும் அதைச் சுற்றிய கரையோர ஊர்களையும் சேர்ந்த கொங்கணி பேசும் கத்தோலிக்கர்கள் திப்பு சுல்தானின் ஆணைப்படி வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து இந்தத் தீவுக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. முப்பதாயிரம் என்பாரும் உண்டு, எண்பதாயிரம் என்பாரும் உண்டு. அப்போது நடந்த போரில் அவர்கள் ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்ற சந்தேகமே காரணமாகச் சொல்லப்பட்டது. வழியிலேயே பலர் மாண்டார்கள். நிலங்கள் பறிமுதலாயின, ஆலயங்கள் இடிக்கப்பட்டன. ஆண்களுக்கு விருத்தசேதனம் செய்யப்பட்டது. இளைஞர்கள் பலர் படையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் பலர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள். 1799 மே 4 அன்று கோட்டை விழும்வரை பதினைந்து ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. திப்புவைப் பற்றி இன்று நடக்கும் அரசியல் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. சிருங்கேரி மடத்துக்கு அவர் எழுதிய கடிதங்களும் கொடுத்த கொடைகளும் உண்மை. மங்களூர்க் கத்தோலிக்கர்களின் சிறைவாசமும் உண்மை. ஒரு சமூகம் பட்ட பாட்டை இன்னொரு சமூகத்தின் மீது எறிவதற்கு எடுத்துக்கொள்வது, அந்தப் பாட்டைப் பட்டவர்களுக்கே செய்யும் அவமதிப்பு. நான் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. அந்தத் தீவில் இருந்தவர்களின் விசுவாசத்துக்கு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விக்கு ஒருவர் கடுமையான பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பிரெஞ்சுக் குருவான அபே துபுவா. பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர்; 1792இல் பிரான்சை விட்டுப் புறப்பட்டுத் தமிழ்நாட்டில் பணிபுரிந்தவர்; 1799க்குப் பிறகு, சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் திரட்ட மைசூர்ச் சீமைக்கு அழைக்கப்பட்டவர். உடையிலும் உணவிலும் இந்நாட்டு மக்களைப் போலவே வாழ்ந்த அவரைக் கன்னட மக்கள் 'தொட்ட சுவாமியோரு' என்று அழைத்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் கஞ்சாமில் அவர் பெயரோடு வழங்கும் கோயில் இன்றும் நிற்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு 1823இல் நாடு திரும்பியபோது, இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலையைப் பற்றிய தம் கடிதங்களை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அந்த நூலில் இந்தச் சிறைவாசிகளைப் பற்றிப் பேசும் இடம் வருகிறது. அறுபதாயிரம் பேர் பிடிக்கப்பட்டார்கள் என்று கணக்குச் சொல்லிவிட்டு, அவர்களில் ஒருவர்கூட எழுந்து நின்று விசுவாசத்தை அறிக்கையிட்டு வேதசாட்சியாகச் சாகத் துணியவில்லை, இது எத்தகைய வெட்கக்கேடு என்று அவர் மனம் குமுறுகிறார்.

அவர் தந்த செய்தி சரியா என்பதையே முதலில் கேட்கலாம். அவர் அங்கே வந்தது எல்லாம் முடிந்த பிறகு. வழியில் செத்தவர்களும் நோயில் செத்தவர்களும் எதை மறுத்தார்கள், எதைப் பற்றிக்கொண்டு செத்தார்கள் என்று வந்து சொல்ல யாரும் இல்லை. வாய்ப்புக் கிடைத்தபோது தப்பிக் குடகுக்கு ஓடியவர்கள் உண்டு. அரசர் தொட்ட வீரராஜேந்திரர் அவர்களுக்கு நிலமும் ஆதரவும் கொடுத்தார். விராஜ்பேட்டையில் 1792இல் எழுந்த புனித அன்னம்மாள் ஆலயம் அவர்களுக்காகக் கட்டப்பட்டதுதான். 1799இல் கதவு திறந்ததும் எஞ்சியவர்கள் மங்களூருக்குத் திரும்பி, இடிந்த இடத்தில் மறுபடியும் கோயில் எழுப்பினார்கள். விசுவாசத்தை உண்மையிலேயே உதறிவிட்டவர்கள், பதினைந்து ஆண்டுகள் கழித்து, வீடும் நிலமும் பறிபோன ஊருக்கு அதையே தேடிக்கொண்டு ஏன் திரும்பவேண்டும்? துபுவாவின் நூலில் இந்தக் கேள்விக்குப் போதிய இடம் இல்லை. ஆனாலும் என் விவாதத்தை இந்தத் தகவலின் மேல் நிறுத்தப் போவதில்லை. அவர் சொன்னபடியே நடந்தது, எல்லோரும் பணிந்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் கையிலெடுத்த அளவுகோல் தவறு என்பதே என் கருத்து. துன்பம் என்பது கடவுள் வைக்கும் தேர்வு, தாங்கியவர் தேறினார், தாங்காதவர் தோற்றார் என்பது அந்த அளவுகோல். அது துபுவாவோடு போகவில்லை. நம் பங்குகளிலும் சபைகளிலும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

நல்லவர்களைத்தான் கடவுள் சோதிப்பார் என்று சொல்வது நம் மக்களிடையே வழக்கம். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், ஐயமில்லை. கேட்பவருக்கு ஒரு பொழுது அது தெம்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பளு இருக்கிறது. புற்றுநோயால் துடிக்கும் ஒரு தாய், 'போதும் ஆண்டவரே, என்னால் முடியவில்லை' என்று கதறினால், தேர்வில் தோற்கிறோமோ என்ற பயமும் அவளுடைய வலியோடு சேர்ந்துகொள்கிறது. குணமளிக்கும் கூட்டங்களில் இதே எண்ணம் இன்னும் கொடிய வடிவம் எடுக்கிறது: குணமாகவில்லையென்றால் விசுவாசம் போதவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம், அழுவது விசுவாசக் குறைவு என்று சொல்லத் துணிபவர்களும் இருக்கிறார்கள். நோய் ஒன்று, அதற்கு மேல் குற்றவுணர்ச்சி இன்னொன்று. இந்த இரண்டாவது சுமையைத் தலையில் ஏற்றுவது கிறிஸ்துவின் நற்செய்தி அல்ல என்று காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

துன்பத்தைத் தாங்காமல் விழுந்தவர்களை என்ன செய்வது என்ற பிரச்சினையைத் திருச்சபை முதன்முதலில் சந்தித்தது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அல்ல. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமைப் பேரரசர் தெசியுஸ், பேரரசில் உள்ள அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்து மணலில் பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்திருக்கின்றன. 250ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். துன்புறுத்தல் தணிந்ததும் அவர்களில் பலர் அழுதுகொண்டு கோயில் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். ரோமையில் நொவாத்தியன் என்பவர், விழுந்தவர்களுக்குத் திருச்சபையில் இனி இடமில்லை என்றார். கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் 251இல் ஆயர்களைக் கூட்டி, தவம் செய்து திரும்ப வருவோருக்குக் கதவு திறந்தே இருக்கும் என்று முடிவெடுத்தார். திருச்சபை சிப்பிரியானின் பக்கம் நின்றது. நொவாத்தியனின் கூட்டம் தனியே பிரிந்தது. இந்த வரலாற்றில் இரண்டு செய்திகள் என்னை மிகவும் தொடுகின்றன. சிறையில் சித்திரவதைப்பட்டும் மறுதலிக்காமல் நின்றவர்கள் இருந்தார்கள் அல்லவா, விழுந்தவர்களுக்காக முதலில் பரிந்து பேசியவர்கள் அவர்களே. இவர்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சிறையிலிருந்து சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அளவுமீறித் தாராளமாகக் கொடுக்கிறார்களே என்று ஆயர் கவலைப்படும் அளவுக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது, சில ஆண்டுகளில் இன்னொரு துன்புறுத்தல் வரப்போகிறது என்று தெரிந்தபோது, தவத்தை முடிக்காதவர்களையும் உடனே நற்கருணைப் பந்திக்கு அழையுங்கள், வெறுங்கையோடு அவர்களைத் துன்பத்துக்கு அனுப்பக்கூடாது என்று சிப்பிரியானும் உடனிருந்த ஆயர்களும் தீர்மானித்தார்கள். தேர்வை முடித்துவிட்டு வா, பரிசு தருகிறேன் என்று அவர்கள் சொல்லவில்லை. அப்பத்தை முதலில் கொடுத்தார்கள். அந்தச் சிப்பிரியான், தெசியுஸ் காலத்தில் ஒளிந்திருந்தவர். 258இல் தலை வெட்டப்பட்டு வேதசாட்சியாக இறந்தவர். ஓடி ஒளிந்தவனும் உறுதியாக நின்றவனும் ஒரே மனிதனுக்குள் இருக்கமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

வேண்டுமானால் பேதுரு இருக்கிறார். எல்லோரும் விட்டு ஓடினாலும் நான் உம்மோடு சாவேன் என்றவர், சில மணி நேரத்துக்குள் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு அஞ்சி மும்முறை மறுதலித்தார். நான்கு நற்செய்தி நூல்களும் இதை மறைக்காமல் எழுதியிருப்பதை எண்ணிப் பாருங்கள். முதல் தலைவரின் வீழ்ச்சியைத் தன் மறைநூலிலேயே எழுதி வைத்துக்கொண்ட சபை, தாங்கியவர்களால் மட்டும் ஆனதாக இருக்கமுடியாது. உயிர்த்தெழுந்த கிறிஸ்து கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிடக் கொடுத்த பிறகுதான் பேதுருவிடம் பேசுகிறார். அன்று இரவு ஏன் மறுத்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. அன்பு இருக்கிறதா என்று கேட்டார், ஆடுகளை ஒப்படைத்தார். கெத்செமனேயையும் சேர்த்துப் பாருங்கள். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கவேண்டும் என்று தரையில் விழுந்து மன்றாடியவர் கிறிஸ்து. சோதனைக்குள் எங்களைக் கொண்டுபோக வேண்டாம் என்று நாள்தோறும் கேட்கும்படி சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. துன்பம் வேண்டாம் என்று அஞ்சுவதும் அழுவதும் விசுவாசக் குறைவாக இருந்தால், அந்தக் குறை அவரிடமே இருந்தது என்றாகும்.

இந்த இடத்தில் வேதம் படித்தவர்கள் மறுப்புச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். யோபுவின் கதை சோதனைக் கதைதானே? ஆபிரகாமைக் கடவுள் சோதித்தார் என்று ஆதியாகமம் வெளிப்படையாகவே சொல்கிறதே? ஆபிரகாமைப் பற்றிய பகுதி கடினமானது, அதை எளிதாக்கிக் காட்ட நான் முயலமாட்டேன். ஆனால் அந்தக் கதை கத்தியை நிறுத்தும் குரலில் போய் முடிகிறது என்பதையும், அதைப் படித்துவிட்டுத் தன் பிள்ளையின் சாவுக்கு யாரும் அதிலிருந்து காரணம் எடுக்கமுடியாது என்பதையும் மட்டும் சொல்லி நகர்கிறேன். யோபுவின் நூலில் நின்று பேச நிறைய இருக்கிறது. துன்பத்தைக் கொடுத்துப் பார்க்கலாம், இவனுடைய பக்தி நிற்கிறதா பார்ப்போம் என்ற யோசனை அந்த நூலில் யாரிடமிருந்து வருகிறது? சாத்தானிடமிருந்து. கடவுள் அதற்கு இடம் கொடுத்தார் என்பது உண்மை. அந்த இடம்கொடுத்தலின் புதிர் இன்றுவரை தீரவில்லை. ஆனால் முதல் இரண்டு அதிகாரங்களுக்குப் பிறகு சாத்தான் அந்த நூலில் தலைகாட்டவே இல்லை. பந்தயத்தின் முடிவு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களில் யோபு பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளை வழக்குக்கு இழுக்கிறார், நண்பர்கள் சொல்லும் ஒழுங்கான விளக்கங்களை எல்லாம் உதறுகிறார். துன்பம் பாவத்தின் கூலி என்றும், துன்பம் கடவுளின் கண்டிப்பு, அதைப் பணிந்து ஏற்றுக்கொள் என்றும் அந்த நண்பர்கள் சொன்னது, இன்று நாம் நோயாளியின் கட்டிலருகே சொல்வதைவிட மோசமானதல்ல. இறுதியில் கடவுள் கோபம் கொண்டது அந்த நண்பர்கள் மேல். சரியாகப் பேசியவன் என்று ஏற்றுக்கொண்டது வழக்காடிய யோபுவை. 'என்ன பாவம் செய்தேனோ' என்று நம் வீடுகளில் எழும் புலம்பலுக்கும் பதில் இதுவே. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று கிறிஸ்து அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். பிறகு அவன் கண்ணைத் திறந்தார்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. புதிய ஏற்பாடே துன்பத்தில் சோதிக்கப்படும் விசுவாசத்தை நெருப்பில் புடமிடப்படும் பொன்னுக்கு ஒப்பிடுகிறது. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை நற்பண்பையும், அது நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். யாக்கோபு, சோதனைகளில் விழும்போது மகிழ்ச்சியாக எண்ணுங்கள் என்கிறார். இவற்றை எப்படித் தள்ளமுடியும்? தள்ளவில்லை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடிபட்டவர் தன்னைப் போல அடிபட்டவர்களுக்கு எழுதும் கடிதங்கள் இவை. பவுல் சாட்டையும் சிறையும் கப்பற்சேதமும் கண்டவர். என் துன்பம் என்னை இப்படி ஆக்கியது என்று துன்பப்பட்டவர் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்வது சாட்சியம். உன் துன்பம் உன்னை நல்லவனாக்கும் என்று சுகமாக இருப்பவர் முன்கூட்டியே சொன்னால், அது அதிகாரம். சொல் ஒன்றாக இருந்தாலும் சொல்பவர் இடம் மாறும்போது பொருள் தலைகீழாகிறது. யாக்கோபும் அதே முதல் அதிகாரத்தில், கடவுள் ஒருவரையும் சோதிப்பவரல்ல என்று எழுதிவைத்தார். பவுலோ தன் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடினார். எடுக்கப்படவில்லை, அருள் உடனிருக்கும் என்ற பதில்தான் கிடைத்தது. அவருடைய விசுவாசம் போதவில்லை என்று எந்தக் குணமளிப்புக் கூட்டத்தில் யார் சொல்லமுடியும்?

இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தேர்வு என்ற எண்ணத்துக்குள் இருக்கும் பெரிய ஆபத்து, துன்பத்தைக் கொடுத்தவன் தப்பித்துக்கொள்வது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1745இல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியது அவர் மேல் பகை வளரக் காரணங்களில் ஒன்று. 1749இல் கைதாகி, ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த கோயில் பீடத்தில் ஒன்றுசேரும் இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. ஒரு சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் நின்று ஒரே பூசையைக் கண்டார்கள். நடுச்சுவர் 1910இல்தான் அகன்றது. சுவரின் தாழ்ந்த பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்களிடம், இது உங்கள் சிலுவை, பொறுமையோடு சுமங்கள் என்று சொல்லியிருந்தால் அது வேத வார்த்தை ஆகுமா? சுவர் கட்டியவன் செய்த தீங்கைக் கடவுளின் கணக்கில் எழுதுவதாகவே ஆகும். தலித் கிறிஸ்தவர்களின் பட்டறிவிலிருந்து இறையியல் எழவேண்டும் என்று 1980களில் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் குரல் கொடுத்தபோது, இந்த இடத்தைத்தான் தொட்டார். சிலுவையை ஒருவர் தாமே எடுக்கலாம். இன்னொருவர் தோளில் ஏற்றிவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. கிறிஸ்துவின் தோளில் அதை ஏற்றியவர்களைப் படையினர் என்றுதான் நற்செய்தி சொல்கிறது, திருப்பணியாளர்கள் என்று சொல்லவில்லை.

அப்படியானால் வேதசாட்சிகளை நான் மலிவாக்குகிறேனா? தாங்கியவரும் தாங்காதவரும் ஒன்றென்றால் தேவசகாயத்தின் சாவுக்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்வி. தேவசகாயத்தின் பெருமை அவர் வலியைத் தாங்கிய அளவில் இல்லை. வலியைத் தாங்கியவர்கள் எல்லா மதத்திலும் உண்டு, மதமே இல்லாதவர்களிலும் உண்டு. கொள்ளைக்காரர்களும் சித்திரவதையில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அவர் எதை விடமறுத்தார் என்பதில்தான் அந்தப் பெருமை இருக்கிறது: தான் கண்டுகொண்ட கிறிஸ்துவையும், அவர் பேரால் தாழ்ந்தவர்களோடு கொண்ட உறவையும் அவர் விடவில்லை. விலையாக வந்த துன்பத்தை ஏற்றார். துன்பத்தைத் தேடிப் போகவில்லை. இதை இப்படிப் பார்த்தால் அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளும் நம் கண்ணுக்குத் தெரிவார். கணவரோடு விசுவாசத்தை ஏற்று, அவர் கொல்லப்பட்ட பின் வடக்கன்குளத்தில் கைம்பெண்ணாக வாழ்ந்து மறைந்தவர். அவர் பேரில் பீடம் இல்லை, திருநாள் இல்லை. குண்டு பாய்ந்த ஒரு நாளைவிட, அதன் பின்னான ஆண்டுகள் எளிதாக இருந்திருக்கும் என்று யார் சொல்லமுடியும்? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிள்ளைகளைப் பிரிந்த தாய்மாரையும் இந்த வரிசையில்தான் வைக்கவேண்டும்.

துபுவாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் அவருக்கு நீதி செய்தவனாக மாட்டேன். பேனாவால் அவ்வளவு கடுமையாக எழுதிய அதே மனிதர், விழுந்தவர்கள் என்று தாம் கருதியவர்களைத் தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்டார். வறுமையில் வாடியவர்களுக்காக ஹாசன் பக்கம் சத்தள்ளியில் விவசாயக் குடியிருப்பு அமைத்தார். அம்மை ஊரூராகக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், அப்போதுதான் இந்தியாவுக்கு வந்திருந்த அம்மைப்பாலை மைசூர்ச் சீமையில் பரப்ப முன்னின்று உழைத்தார். அம்மையைக் கடவுளின் சோதனை என்று அவர் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, ஊசியை எடுத்தார். அவருடைய கைகள் அவருடைய நூலைவிட நல்ல இறையியல் பேசின என்றே நான் கருதுகிறேன். 1906இல் இந்த மைசூர் நகரில் வெஸ்லியன் மிஷனரிகள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொடங்கிய ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையும், நம் ஊர் வழக்கில் மிஷன் ஆஸ்பத்திரி, அதே கைகளின் மரபுதான். துன்பம் கடவுள் தரும் பாடம் என்று உண்மையிலேயே நம்பும் சபை, பாடத்தைக் கலைக்கும் மருத்துவமனையை ஏன் கட்டவேண்டும்?

இங்கே மருத்துவர்களே ஒரு மறுப்பை எழுப்பக்கூடும்: வலிக்கு நன்மை உண்டு. உண்டுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் அதைத்தான் உலகுக்குக் காட்டினார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக உதிர்வதில்லை. உணர்ச்சி மரத்துப்போனதால், சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் புண்பட்டுப் புண்பட்டு அழிகின்றன. வலி காவல் என்று அவர் எழுதினார், அது மறுக்கமுடியாத உண்மை. ஆனால் காவலாக நிற்கும் வலியின் பயன் வேறு, மனிதனை நொறுக்கும் துன்பத்தின் பொருள் வேறு. நெருப்பிலிருந்து கையை இழுக்கச் செய்யும் வலிக்கு வேலை இருக்கிறது. முற்றிய எலும்புப் புற்றுநோயின் வலி எதையும் காப்பதில்லை. அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையத்தின் பொறுப்பை ஏற்றார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். இவரைத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவராகக் காட்டுவது எளிது, மேடைகளில் அப்படித்தான் காட்டுகிறோம். அப்படிக் காட்டினால் அவரைத் தூக்கி உட்கார வைத்தவர்களும், உட்கார்ந்தபடி அறுவை செய்யலாம் என்று யோசனை சொன்னவர்களும், அவருக்கேற்ப அறுவைக் கூடத்தை ஒழுங்குசெய்தவர்களும் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். அவர்களில் ஒருவரும் இல்லாத ஊரில் அதே விபத்து நடந்திருந்தால், அதே விசுவாசமுள்ள பெண் ஓர் இருட்டறையில் படுத்த படுக்கையாகக் கிடந்திருப்பார். அப்போது அவருடைய விசுவாசம் குறைந்துபோயிருக்குமா? துன்பத்தில் அவர் கண்ட பொருள் முதுகுத்தண்டு முறிந்ததில் இல்லை. முறிந்தவர்களுக்காக அவர் கட்டியதில் இருந்தது.

இதற்கு மேல் ஒரு கடைசி மறுப்பு இருக்கிறது, அதுவே எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது. துன்பம் தேர்வும் அல்ல, தண்டனையும் அல்ல, பாடமும் அல்ல என்றால் அதற்குப் பொருளே இல்லையா? பொருளில்லாத துன்பத்தைவிடத் தண்டனையே மேல் என்று தோன்றும் இரவுகள் மனிதருக்கு உண்டு. கிறிஸ்தவ விசுவாசம் இதற்கு விளக்கம் தருவதில்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. சிலுவையில் தொங்கியவரே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார். அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் வந்ததாக மாற்கு எழுதவில்லை. மூன்றாம் நாள் நடந்ததுகூட அந்தக் கேள்விக்கு விளக்கம் ஆகாது. கேட்டவர் கைவிடப்படவில்லை என்பதை மட்டுமே அது காட்டியது. விசுவாசம் தருவது இந்த அளவுதான்: கடவுள் துன்பத்துக்கு வெளியே நின்று கண்காணிப்பவராக இல்லை, அதற்குள்ளே, கதறுபவர்களின் வரிசையில் இருக்கிறார். இது குறைவான பதில் என்று ஒருவர் சொன்னால் நான் வாதாடமாட்டேன். ஆனால் தேர்வு என்ற பதிலைவிட இது உண்மையானது. அதனால்தான் கட்டிலருகே உட்கார்ந்து பொறுக்கமுடிகிறது. கண்காணிப்பாளராகக் கடவுளைப் பார்ப்பவன் மதிப்பெண் போடுவான். உடன் கிடப்பவராகப் பார்ப்பவன் தண்ணீர் கொண்டுவருவான்.

நம் நகரின் பெரிய கோயிலே இதற்கு ஒரு வகையில் சாட்சி. 1933 அக்டோபர் 28 அன்று நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய புனித பிலோமினம்மாள் பேராலயத்தின் நிலவறையில், படுத்த கோலத்தில் அந்தச் சிறுமியின் உருவம் இருக்கிறது. 1926இல் தம்புச் செட்டியார் என்பவர் முயன்று பெற்ற திருப்பண்டம் இங்கே அவள் மேலுள்ள பக்திக்கு வேராயிற்று. 1802இல் ரோமை நிலத்தடிக் கல்லறையில் கிடைத்த ஓர் இளம்பெண்ணின் எலும்புகளும், ஓடுகளில் எழுதியிருந்த பெயரும் தவிர அவளைப் பற்றி வரலாறு உறுதியாக எதுவும் அறியாது; 1961இல் திருநாள் அட்டவணையிலிருந்து அவள் பெயர் எடுக்கப்பட்டது. அவள் என்ன துன்பப்பட்டாள், எப்படித் தாங்கினாள், தாங்கினாளா என்பதற்கே சான்று இல்லை. ஆயினும் எல்லா மதத்தாரும் அந்தப் படிகளில் இறங்கி அவள் முன் தங்கள் நோயையும் கடனையும் வைக்கிறார்கள். சாதனை எதுவும் தெரியாத ஒருத்தியை அவர்கள் நம்புவது அறியாமையால் என்று சிலர் சொல்வார்கள். தம்மைப் போலவே சின்னவளாக, சாகக் கிடந்தவளாக அவளைக் காண்பதால் என்றே எனக்குப் படுகிறது.

ஒன்றை மட்டும் நம் சபைகள் நடைமுறையில் மாற்றவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாட்சி சொல்லும் நேரத்தில் குணமானவர்கள் மட்டுமே எழுந்து பேசுகிறார்கள். வேலை கிடைத்தவர், கட்டி கரைந்தவர், பிள்ளை பிறந்தவர். ஜெபித்தும் குணமாகாதவர் பின்வரிசையில் மௌனமாக இருக்கிறார், சில வாரங்களில் வருவதையும் நிறுத்திவிடுகிறார். சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்; 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் என்று கட்டி வைத்திருக்கிறோம், ஆனால் வழிபாட்டில் வாசிக்க அஞ்சுகிறோம். இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது அதை உரக்க வாசியுங்கள். பின்வரிசைக்காரர் எழுந்து, நான் இன்னும் நோயாளிதான், சில நாள்களில் ஜெபிக்கவும் முடியவில்லை என்று சொல்லட்டும். உடனே யாரும் அவருக்கு விளக்கம் சொல்ல எழவேண்டாம். பூசை முடிந்ததும் அவரை யார் வீட்டுக்கு அழைத்துப் போவது, மருந்துக்கு யார் பணம் கட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.